பத்துக் கோடிச் சொச்சம்

14-03-1978. எண் 70. கூட்டுத்தொகை 74.
02-09-1979. எண் 7,912. கூட்டுத்தொகை 7,928.
19-11-1980. எண் 7,192. கூட்டுத்தொகை 7,208.
20-11-1980. எண் 7,192. அடிக்கப்பட்டது.
06-02-1992. எண் 10,35,71,992. கூட்டுத்தொகை 10,38,16,808.

இந்த ஐந்து வரிகளில் ஒன்று தவறு. அதைக் கண்டுபிடிக்க எடைமேடைக்காரருக்குப் பதினோரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 'மேல்' என்று சொல்லி நிறுத்தினால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பதினோரு வருடம், மூன்று மாதம், பதினான்கு நாள்.

அவர் முப்பத்தொரு வருடம் ஒரு சிமெண்டுக் கிட்டங்கியில் லாரிகளை எடை போட்டவர். கிட்டங்கியின் வாசலை ஒட்டி, தரையோடு தரையாக ஓர் இரும்புப் பலகை. அதன்மேல் லாரி ஏறி நிற்கும். பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை. அறைக்குள் நீளமான தராசுத் தண்டு, அதன்மேல் நகரும் குண்டு, ஒரு நாற்காலி, மூன்று நிறத்தில் சீட்டுக் கட்டுகள். லாரி காலியாக ஒரு முறையும் பாரத்தோடு ஒரு முறையும் ஏறும். இரண்டு எடையையும் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வெள்ளைச் சீட்டு டிரைவருக்கு, மஞ்சள் அலுவலகத்துக்கு, நீலம் அவருக்கு.

எடைமேடையில் நேரும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே ரகம். தண்டு 6,480 என்று காட்டும். கை 6,840 என்று எழுதிவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். இதைப் பிடிக்க அவர் கையில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதே லாரியின் பழைய காலி எடைக்கும் புதிதாக எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்பதால் வகுப்பார். மீதியில்லாமல் போனால் இலக்கம்தான் இடம் மாறியிருக்கிறது. 6,840-க்கும் 6,480-க்கும் வித்தியாசம் 360. ஒன்பதால் வகுத்தால் 40, மீதி இல்லை. உடனே சிவப்பு மையால் ஒரு கோடு. சீட்டு செத்தது.

"அண்ணே, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காம தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று ஒரு டிரைவர் ஒருமுறை கேட்டார்.

"வண்டியை எதுக்குப் பார்க்கணும்? ஒன்பதைப் பார்த்தாப் போதும்" என்றார் இவர்.

அந்தப் பதிலில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 31-01-1991 அன்று ஓய்வு பெற்றபோது, கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு வந்தார்: இடம் மாறிய இலக்கம் என்று அடித்த சீட்டுகள் 1,127. தவறாக அடித்தவை இல்லை.

இரண்டு லாரிகளுக்கு நடுவே சில சமயம் கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கும். சும்மா இருப்பது அவருக்கு ஆகாது. எழுதின எடையை எடுத்து வைத்துக்கொண்டு வகுக்க ஆரம்பித்தார். இரண்டால் போகுமா, மூன்றால் போகுமா, ஏழால் போகுமா. இப்படித்தான் எண்கள் அவரோடு வீட்டுக்கு வந்தன.

வீட்டில் இரண்டு பேர் அவரைப் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவர் மனைவி. முன்னறையில் தையல் மிஷின் போட்டுச் சட்டை தைப்பவர். இன்னொருவர் மனைவியின் தம்பி, இரண்டு தெரு தள்ளி வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுபவர். வாரத்தில் நான்கு நாள் விரலில் பெயின்ட்டோடு வந்து அக்கா கையால் தேநீர் குடித்துவிட்டு, அத்தானை இரண்டு வார்த்தை சீண்டிவிட்டுப் போவார்.

"நீங்க வகுக்குற எண்ணையெல்லாம் நான் எழுதித்தான் சோறு திங்கிறேன் அத்தான். ஒரு எண்ணும் என்கிட்ட இவ்வளவு பேசினதில்லை."

"நீ கேட்டிருக்க மாட்டே."

"சரி, இன்னைக்குக் கேக்குறேன். அது என்ன, விசித்திர எண்?"

எடைமேடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்களுக்கு அவர் வைத்த பெயர் பங்காளிகள். அந்த எண்தான் வீட்டுக்காரன். 10-க்கு 1, 2, 5 என்று மூன்று பங்காளிகள். கூட்டினால் 8. வீட்டுக்காரன் அளவுக்கு வரவில்லை, ஆகவே 10 குறை எண். 6-க்கு 1, 2, 3. கூட்டினால் அதே 6. அது நிறை எண். 12-க்கு 1, 2, 3, 4, 6. கூட்டினால் 16. பங்காளிகள் கை ஓங்கிவிட்டது, ஆகவே மிகை எண்.

"மிகை எண்ணுல பெரும்பாலும் ஒரு சமாதானம் இருக்கும். 12-ல நாலு அதிகம். அந்த 4-ஐ எழுந்து வெளியே போன்னு சொன்னா, மிச்சம் இருக்கிறவங்க சரியா 12. ஆனா 70-ஐ எடு. பங்காளிங்க 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினா 74. இங்கேயும் நாலுதான் அதிகம். யாரை வெளியே அனுப்புவே?"

மச்சான் விரல் விட்டுப் பார்த்தார். "ஒன்னும் ரெண்டும் போனா மூணு. அடுத்த ஆள் அஞ்சு. நாலு வரலையே."

"தலைகீழா நின்னாலும் வராது. எல்லாரும் இருந்தா அதிகம், யாரை அனுப்பினாலும் சரிப்படாது. அதுதான் விசித்திர எண்."

"நம்ம பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினைன்னு சொல்லுங்க. அதை ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க?"

உள்ளே மிஷின் நின்றது. மனைவி சிரிக்கும்போது மிஷினை நிறுத்திவிடுவார். தையல் கோணிவிடும் என்று.

இப்படி எண்களோடு மல்லுக்கட்டுபவர்கள் உலகத்தில் தான் ஒருவர்தான் என்று எடைமேடைக்காரர் நினைத்திருந்தார். 1978-இல் ஒரு பத்திரிகையின் மூலையில் நான்கு வரி விளம்பரம் பார்த்தார். எண் பதிவேட்டுச் சங்கம் என்று ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர். எல்லாம் தபாலில்தான், ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் விசித்திர எண்களின் பதிவேடு ஒன்று அச்சடிப்பார்கள். புத்தகத்தில் பார்த்து எழுதியது சேராது. கையால் வகுத்துக் கண்டதுதான் சேரும். கண்டவர் பெயரையும் போட மாட்டார்கள், தொழிலை மட்டும் போடுவார்கள். 70, பள்ளிக்கூட மணியடிப்பவர். 836, பல் மருத்துவர். செயலர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

எடைமேடைக்காரர் முதல் வருடம் அனுப்பியது அதே 70. ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. அடுத்த வருடம் 7,912 அனுப்பினார், சேர்ந்தது. 1983 முதல் மற்ற உறுப்பினர்களின் செம்பிரதிகளையும் அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கச் சொல்லி அவருக்கே அனுப்பினார்கள். இடம் மாறிய இலக்கத்தைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எடைமேடைக்காரர் அடித்தால் அடித்ததுதான் என்று சங்கத்தில் ஒரு பேச்சே இருந்தது. அந்தப் பேச்சைச் செயலர் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மட்டும் எடைமேடைக்காரர் கோப்பில் போடாமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஆசை வந்தது. பதிவேட்டிலேயே பெரிய விசித்திர எண்ணைத் தான் காண வேண்டும். அதுவரை இருந்த பெரியது ஏழு இலக்கம், பல் மருத்துவர் கண்டது.

பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பாதை உண்டு. ஏற்கெனவே தெரிந்த ஒரு விசித்திர எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பங்காளிகளையும் அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையைவிடப் பெரிய பகா எண் ஒன்றால், அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணால், பெருக்கினால் வருவதும் விசித்திர எண்தான்.

அவர் பழைய கணக்கு நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினார். 1980-ஆம் வருட நோட்டில், 19-11 தேதியிட்ட பக்கத்தில் 7,192 இருந்தது. பங்காளிகளின் கூட்டு 7,208, தன்னையும் சேர்த்தால் 14,400. அதற்கு அடுத்த எண் 14,401. அது பகா எண்ணாக மட்டும் இருந்துவிட்டால் இதைவிட நெருக்கமான பொருத்தம் கிடையாது, ஒரே ஒன்றுதான் வித்தியாசம். 2-இல் தொடங்கி 113 வரை முப்பது பகா எண்களால் வகுத்துப் பார்த்தார். ஒன்றாலும் போகவில்லை. 7,192-ஐ 14,401-ஆல் பெருக்கினார்.

"வந்திருச்சு" என்றார்.

மனைவி வாயில் ஊசியோடு எட்டிப் பார்த்தார். "என்ன வந்திருச்சு?"

"பத்துக் கோடியே முப்பத்தஞ்சு லட்சத்து எழுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டு."

"பேரைச் சொல்லும்போதே மூச்சு முட்டுதே. சாப்பிட வாங்க."

அன்று மாலை மச்சான் வந்து கேட்டுவிட்டு, "சுருக்கமா பத்துக் கோடிச் சொச்சம்" என்றார்.

"சொச்சம்னு சொல்லாதே. எண்ணத் தெரியாதவன் கண்டுபிடிச்ச வார்த்தை அது."

"சரி, பங்காளிங்க எத்தனை பேர்?"

"முப்பத்தொன்னு. நான் வேலை பார்த்த வருஷமும் முப்பத்தொன்னு."

"பதிவேட்டுல ஏறட்டும் அத்தான். நானே கறுப்புப் பலகையில வெள்ளையில எழுதி உங்க வாசல்ல மாட்டுறேன். இலவசம்."

10-02-1992 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினார். 04-03-1992 அன்று பதில் வந்தது. நின்றுகொண்டே பிரித்தார்.

"தாங்கள் மூலமாகக் காட்டும் 7,192 எமது பதிவேட்டில் இல்லை. இருப்பது 7,912. இலக்கங்கள் இடம் மாறியதாகக் கொள்கிறோம். 7,912-இன் முழுக் கூட்டுத்தொகை 15,840. தாங்கள் பெருக்கிய 14,401 அதைவிடச் சிறியது. எனவே தங்கள் பெரிய எண்ணை ஏற்க இயலவில்லை."

அவர் சிரித்தார். "செயலருக்குப் பார்வை மங்கிப் போச்சு. கண்ணாடி மாத்தணும்."

"அவரே கண்ணாடிக் கடைக்காரர்தானே" என்றார் மனைவி. "அடியில இன்னொரு தாள் இருக்கு பாருங்க."

இன்னொரு தாள் ஒரு பழைய கடிதத்தின் நகல். 20-11-1980 தேதி. கையெழுத்து அவருடையதேதான். 'நேற்று அனுப்பிய செம்பிரதியில் 7,192 என்று உள்ள வரியை அடித்துவிடவும். அது 7,912-ஐ மறுபடி எழுதியதில் இலக்கம் இடம் மாறி வந்தது. வித்தியாசம் 720. ஒன்பதால் வகுத்தால் 80, மீதி இல்லை.'

அவர் உட்கார்ந்தார். அப்படி ஒரு கடிதம் எழுதியது நினைவில் துளியும் இல்லை. ஆனால் அவர் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் வீட்டில் ஒரு நகல் உண்டு. கோப்பை எடுத்தார். வரிசை எண் 117. இருந்தது. அட்சரம் பிசகாமல் இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு மேஜையைத் துடைத்துவிட்டு, இரண்டு எண்களையும் முதலிலிருந்து வகுத்தார். 7,912-ஐ எட்டால் வகுத்தால் 989. அது 23-ஐ 43-ஆல் பெருக்கியது. 7,192-ஐ எட்டால் வகுத்தால் 899. அது முப்பதை முப்பதால் பெருக்கி ஒன்றைக் கழித்தது. ஆகவே 29-ஐ 31-ஆல் பெருக்கியது. இரண்டும் வேறு வேறு ஆள். ஒன்றின் நிழல் இன்னொன்று அல்ல.

ஆனால் செம்பிரதியில் ஐந்து கட்டங்கள்தான். எண், இலக்கங்களின் கூட்டு, பங்காளிகள் எத்தனை, வீட்டுக்காரனைத் தாண்டிய மிச்சம் எவ்வளவு, வகை. அந்த ஐந்தையும் இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இலக்கங்களின் கூட்டு 19, இங்கேயும் 19. பங்காளிகள் 15, இங்கேயும் 15. மிச்சம் 16, இங்கேயும் 16. அந்தப் பதினாறை வெளியே அனுப்ப வேண்டுமானால் கையில் இருப்பது 1, 2, 4, 8. நாலு பேரும் சேர்ந்து போனாலும் 15. அடுத்த ஆள் அங்கே 23, இங்கே 29. இரண்டுமே ஒன்றே ஒன்று குறைந்து விசித்திரமாகிப்போன எண்கள். பார்த்தால் யாரும் ஒரே வரியை இரண்டு தடவை எழுதியிருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மற்றவர்கள் என்றால் ஒரு சந்தேகத்துக்குத் திரும்ப வகுத்துப் பார்த்திருப்பார்கள். அவர் பார்க்கவில்லை. நோட்டில் முந்தின நாள் தன் கையால் போட்ட கணக்கு ஒரு முழம் தள்ளி இருந்தும் திறக்கவில்லை. ஒன்பதைப் பார்த்தார், போதும் என்று விட்டுவிட்டார்.

சங்கத்தின் விதி 9 அவருக்கு மனப்பாடம். அடித்த வரியை அடித்தவரே கேட்டால்தான் திரும்பச் சேர்க்கலாம். கேட்டால், அந்த வரியின் கீழே அவர் அடித்தது தவறு என்று அச்சாகும். அழிக்க முடியாது. பதிவேடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். பெரிய எண் வேண்டுமானால் 7,192 திரும்ப வர வேண்டும். 7,192 வர வேண்டுமானால், எடைமேடைக்காரர் அடித்தால் அடித்ததுதான் என்ற பேச்சு போக வேண்டும்.

அவர் அன்று சங்கத்துக்கு எழுதவில்லை. ஒரு தடவை தவறினவன் எத்தனை தடவை தவறினான் என்று தெரியாமல் எழுத அவருக்குக் கை வரவில்லை. சங்கத்துக்காக இதுவரை அவர் அடித்த வரிகளையெல்லாம் பட்டியல் போட்டார். மொத்தம் 63. ஒவ்வொன்றையும் ஒன்பதைத் தொடாமல் அடியிலிருந்து வகுத்துப் பார்த்தார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று போனது. ஏப்ரல் 11 அன்று முடிந்தது.

மச்சான் அன்றைக்கும் வந்தார். அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகச் சீண்டாமல் உட்கார்ந்தார்.

"எத்தனை தேறிச்சு?"

"அறுபத்திமூணுல அறுபத்திரண்டு சரி. ஒன்னு தப்பு."

"அவ்வளவுதானா? நான் வாரத்துக்கு ரெண்டு பலகை தப்பா எழுதுறேன்."

"நீ அழிச்சு எழுதுவே. எனக்கு அச்சாகும்."

மேஜையில் ஒரு தனித்தாள் கிடந்தது. மச்சான் அதை எடுத்துப் பார்த்தார். 12,54,76,408 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. "இது யாரு புது ஆள்?"

"7,912-ஐ வச்சே போட்டது. 15,840-க்கு அடுத்த 15,841 பகா எண் இல்லை. ஏழாலயும் முப்பத்தொன்னாலயும் எழுபத்திமூணாலயும் போகுது. அதுக்கப்புறம் ஒவ்வொன்னா பார்த்துக்கிட்டே போனா 15,859 கிடைச்சுது. அதால பெருக்கினேன். இதுவும் விசித்திர எண்தான்."

"பழசைவிடப் பெரிசா இருக்கே."

"பெரிசுதான்."

"7,912 ஏற்கெனவே பதிவேட்டுல இருக்கு."

"இருக்கு."

"அப்ப இதை அனுப்பிட்டு வேலையைப் பாருங்க அத்தான். பெரிய எண்ணும் ஆச்சு, பேரும் கெடலை. அந்தப் பழைய வரி அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அது இல்லைன்னு யாரு அழப் போறா?"

எடைமேடைக்காரர் தாளை வாங்கி மடித்தார். அவர் அந்த எண்ணைப் பத்து நாளாக மேஜையில் வைத்திருந்தார். அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

முன்னறையில் மனைவி ஒரு சட்டையின் தோள்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார். "போன மாசம் ஒரு சட்டைக்குத் துணியைத் தப்பா வெட்டிட்டேன். ஒட்டுப் போட்டுத்தான் தைச்சேன். ஒட்டு தெரியும். நானே அவர்கிட்ட விரல் வச்சுக் காட்டித்தான் கொடுத்தேன். அவரு மறுபடி ரெண்டு சட்டைக்குத் துணி கொடுத்துட்டுப் போயிருக்காரு." நூலைப் பல்லால் கடித்தார். "ஒட்டை மறைச்சுக் கொடுத்திருந்தா, போற வழியில அவரே பார்த்திருப்பாரு."

"இது சட்டை இல்லையே" என்றார் மச்சான்.

"ஒரு லாரி மேடையில ஏறி நின்னுச்சு" என்றார் எடைமேடைக்காரர். மச்சானிடம்தான் சொன்னார், ஆனால் கண் நோட்டில் இருந்தது. "எடை போட்டேன். சரியான எடை. சீட்டும் எழுதினேன். அப்புறம் நீ வரவே இல்லைன்னு சொல்லிச் சீட்டைக் கிழிச்சுட்டேன். லாரி பதினோரு வருஷமா வாசல்ல நிக்குது. பக்கத்துல அதைவிடப் பெரிய லாரி ஒன்னைக் கொண்டுவந்து நிறுத்தினா இது போயிடுமா?"

"அச்சாகுமே அத்தான்."

"ஆகட்டும். சரியா அச்சாகணும், அதுதான் முக்கியம்."

குரலில் தடுமாற்றம் இல்லை. அறுபத்திமூன்றையும் வகுத்து முடித்தவுடன் அவருக்குப் பழைய தெம்பு திரும்பியிருந்தது. எவ்வளவு தவறு என்று எண்ணத் தெரிந்துவிட்டால் அப்புறம் அதுவும் ஓர் எண்தான்.

13-04-1992 தேதியிட்ட கடிதம் ஒரே பக்கம். 7,192-ஐ விதி 9-இன்படி திரும்பச் சேர்க்கக் கோருகிறேன். அடித்தது நான், அடித்தது தவறு. காரணம், வகுத்துப் பார்க்காமல் ஒன்பதை மட்டும் நம்பினேன். சங்கத்துக்காக அடித்தவை 63, மறுபடி பார்த்ததில் சரியானவை 62, கணக்குகள் இணைப்பில். செம்பிரதியில் கூட்டுத்தொகைக்கு ஆறாவதாக ஒரு கட்டம் இருந்திருந்தால் 7,208-உம் 7,928-உம் வேறு என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும், இனி அதைச் சேர்க்கலாம். சரிபார்ப்பவர் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சங்கம் முடிவு செய்யட்டும். பின்னால் 10,35,71,992-இன் நிரூபணம்.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழைய கடிதத்தை எடுத்து, அதற்குரிய கோப்பில், அதற்குரிய தேதியில் வைத்தார்.

மூன்று மாதம் பதில் இல்லை. அவரும் நினைவூட்டவில்லை. 14-07-1992 அன்று அச்சுத் திருத்தத் தாள் ஒன்று வந்தது. மச்சான் அப்போது அங்கேதான் இருந்தார். இரண்டு பேரும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். 7,192 இருந்தது. அதன் கீழே, எடைமேடைக்காரர் அடித்தது தவறு என்று இருந்தது. அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்து, எழுத்துப்பிழை இல்லை என்று ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். அதற்கும் கீழே பெரிய எண்.

"அத்தான்" என்றார் மச்சான் மெதுவாக. "10,35,17,992-ன்னு போட்டிருக்கான். ஏழும் ஒன்னும் இடம் மாறிடுச்சு."

"ஆமா."

"வித்தியாசம்?"

"ஐம்பத்திநாலாயிரம்."

"ஒன்பதால?"

"ஆறாயிரம். மீதி இல்லை."

"அப்ப அடிங்க. சிவப்பு மை எடுத்துட்டு வரட்டா?"

"பொறு" என்றார் எடைமேடைக்காரர். "இதுவும் ஒரு விசித்திர எண்ணா இருந்துட்டா?"

மச்சான் அவரையே பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். மிஷின் நின்றது.

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தார். 10,35,17,992-ஐ எட்டால் வகுத்தால் 1,29,39,749. அதற்குமேல் இரண்டால் போகாது. மூன்றால் போகவில்லை, ஐந்தால் போகவில்லை. ஏழால் வகுத்தால் மீதி 4. பதினொன்று, பதிமூன்று, பதினேழு என்று ஏறிக்கொண்டே போனார். நடுவில் ஒரு தடவை சாப்பிட எழுந்தார். 61-இல் மீதி 2. 71-இல் ஒன்றே ஒன்று குறைந்து போகாமல் நின்றது. 71 வரை ஒரு பகா எண்ணும் வகுக்கவில்லை. அதற்கு மேலே இருக்கும் பகா எண்களில் மூன்றுக்கு மேல் இந்த எண்ணுக்குள் அடங்காது. அந்த மூன்றும் சேர்ந்தாலும் பங்காளிகள் வீட்டுக்காரனை எட்ட முடியாது. மணி இரண்டே முக்கால்.

"குறை எண்" என்றார். "வெறும் அச்சுப் பிழைதான். இப்போ கொண்டு வா சிவப்பு மை."

"நாலே முக்கால் மணி நேரம்" என்றார் மச்சான். "ஒரு கோடு போடுறதுக்கு."

"சாப்பிட்ட இருபது நிமிஷத்தைக் கழி."

கோட்டைப் போட்டு, ஓரத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, அன்றைய தபாலிலேயே திருப்பி அனுப்பினார். கணக்குத் தாளையும் இணைத்தார்.

அடுத்து வந்தது தடித்த உறை. அச்சான பதிவேட்டின் பக்கம் ஒன்று அதில் இருந்தது. பத்தாயிரத்துக்குள் ஏழு வரிகள், ஆறாக இருந்தவை ஏழு. ஐந்து கட்டமாக இருந்தது ஆறு கட்டம். 7,192-இன் கீழே அவருடைய தவறு. பக்கத்தின் கடைசியில் 10,35,71,992, பங்காளிகள் 31, கூட்டுத்தொகை 10,38,16,808, மிச்சம் 2,44,816, வகை விசித்திரம், கண்டவர் எடைமேடைக்காரர். ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் அதது இடத்தில் இருந்தன.

கூடவே இந்த வருடத்துச் செம்பிரதிகள் பதினான்கும் சரிபார்க்க வந்திருந்தன. அவற்றின்மேல் செயலர் கையால் எழுதிய துண்டுச் சீட்டு: "63-இல் 62 என்று தானே எண்ணிச் சொல்பவர் எங்களிடம் வேறு யாரும் இல்லை. வழக்கம்போல் தங்களுக்கே."

வாசலில் மச்சான் ஏணி போட்டுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். எடைமேடைக்காரர் வெளியே போய், கீழே நின்று, பலகையில் இருந்த ஒன்பது இலக்கங்களையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு உள்ளே வந்து, பதினான்கில் முதல் செம்பிரதியைப் பிரிக்கும் முன், வரவுக் கடிதங்களின் நோட்டைத் திறந்து எழுதினார்.

வரிசை எண் 204. எண் பதிவேட்டுச் சங்கம். 10,35,71,992 தொடர்பாகக் கடைசிக் கடிதம். வந்து சேர்ந்த தேதி 11-08-1992.